62 விமானங்களை வீழ்த்தியவரை ஒரு மேஜை வீழ்த்திய கதை!

1941 நவம்பர். ஜெர்மன் அரசு ஒரு மரணச் செய்தியை அறிவித்தது. விமானப்படை ஜெனரல் எர்ன்ஸ்ட் ஊடெட், புதிய ஆயுதம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது காயமடைந்து இறந்துவிட்டார் என்றது அந்த அறிவிப்பு. முழு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்த ஹிட்லர் உத்தரவிட்டார். சவப்பெட்டிக்குப் பின்னால் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் நடந்துவந்தார். தன் பழைய சிநேகிதனைப் பற்றிப் பேசும்போது கண்கலங்கினார்.

எல்லாம் நாடகம். எந்த ஆயுதச் சோதனையும் நடக்கவில்லை, விபத்தும் நடக்கவில்லை. பெர்லினில் தன் வீட்டுப் படுக்கையறையில், காதலியோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துப்போனார் ஊடெட். அதற்கு முன், கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் சிவப்பு எழுத்தில், கோரிங் தன்னைக் கைவிட்டுவிட்டதாக எழுதிவைத்திருந்தார். ஆமாம், அதே கோரிங்தான்.

முதல் உலகப்போரில் 62 எதிரி விமானங்களை வீழ்த்தியவர், உயிரோடு திரும்பிய ஜெர்மன் விமானிகளிலேயே முதலிடம் பிடித்தவர், சினிமாவில் நடித்தவர், தரையில் கிடக்கும் கைக்குட்டையை விமானத்தின் இறக்கை நுனியால் எடுத்துக் காட்டியவர்... அவர் ஏன் இப்படி முடிந்தார்?

மோட்டார் சைக்கிளோடு போருக்குப் போன பையன்

1896 ஏப்ரல் 26-ல் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர் ஊடெட். ஆனால், வளர்ந்ததெல்லாம் மியூனிக்கில். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தபோது அவருக்கு ஏழு வயசு. அந்தக் காலத்துப் பசங்களுக்கு விமானம் என்பது இன்றைக்கு நமக்கு ராக்கெட் மாதிரி. 1909-ல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மியூனிக்கில் ஏரோ கிளப் என்று ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாளில் பொம்மை விமானம் போரடித்துவிட்டது. வீட்டிலேயே செய்த கிளைடரில் ஏறிக் குதித்துப் பார்த்தார். கிளைடர் நொறுங்கியது. ஆசை மட்டும் நொறுங்கவில்லை.

படிப்பு சுமார்தான். எப்படியோ 1913-ல் பரீட்சை பாஸ் பண்ணியதற்கு அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அந்த வண்டிதான் அவரைப் போருக்குக் கொண்டுபோனது. 1914 ஆகஸ்டில் போர் வெடித்ததும் ராணுவத்தில் சேரப் போனார். உயரம் 160 சென்டிமீட்டர்தான், போய் வா தம்பி என்று அனுப்பிவிட்டார்கள். அதே நேரத்தில், சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு வந்தது. செய்தி கொண்டுபோகும் தன்னார்வலராக உள்ளே நுழைந்துவிட்டார்.

கொஞ்ச காலத்தில் அந்தத் தன்னார்வலர் வேலையும் போய்விட்டது. விமானப் பிரிவில் சேரலாம் என்றால், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களுக்கே முன்னுரிமை. அப்பா வழிசெய்தார். மியூனிக்கில் இருந்த தனியார் பயிற்சிப் பள்ளிக்கு 2,000 மார்க் கட்டணம், போதாக்குறைக்கு அப்பாவின் கம்பெனியிலிருந்து குளியலறைச் சாமான்கள். பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் கொடுத்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட போர்வீரர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

1915 வசந்தத்தில் லைசென்ஸ் கிடைத்தது. ஆரம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. அளவுக்கு மீறி எரிபொருளும் குண்டும் ஏற்றிய விமானத்தைச் செங்குத்தாகத் திருப்பப் போய், அது விழுந்து நொறுங்கியது. அஜாக்கிரதைக்காக ஏழு நாள் காவலில் வைத்தார்கள். அதன்பிறகுதான் ஒற்றை இருக்கைப் போர் விமானத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே முதன்முதலாக ஒரு பிரெஞ்சு விமானத்தை நேருக்கு நேர் பார்த்தபோது என்ன நடந்தது தெரியுமா? கை உறைந்துவிட்டது. விசையை அழுத்த முடியவில்லை. எதிரிதான் சுட்டான். தோட்டா கன்னத்தை உரசிக்கொண்டு போனது, கண்ணாடி உடைந்தது. பெரிய வீரர்களின் கதைகளில் இந்தப் பக்கத்தை வழக்கமாகக் கிழித்துவிடுவார்கள். ஊடெட் பிற்காலத்தில் தானே இதை எழுதினார். அந்த அவமானத்துக்குப் பிறகு, எதிரி விமானத்தின் உருவத்தைச் செய்து நிறுத்தி, சுட்டுச் சுட்டுப் பழகினார்.

1916 மார்ச் 18. மியூல்ஹவுஸ் நகரின் மேல் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு விமானங்கள் வந்தன. தனி ஆளாக அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஒன்றை எரியவிட்டார். அதுதான் முதல் வெற்றி.

கையசைத்துவிட்டுப் போன எதிரி

1917 ஜூனில் நடந்ததாக ஊடெட் எழுதிய ஒரு சம்பவம் உண்டு. பிரான்ஸின் மாபெரும் விமானி ஜார்ஜ் கீனெமெரோடு வானத்தில் தனியாக மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வட்டமடித்து வட்டமடித்துச் சண்டை. நடுவில் ஊடெட்டின் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. கையால் குத்திப் பார்க்கிறார், வேலை செய்யவில்லை. எதிரே இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் அடுத்த நொடியே கதை முடிந்திருக்கும். கீனெமெரோ தலைகீழாகப் பறந்து, கையை அசைத்துவிட்டுத் தன் திசையில் போய்விட்டார். மூன்று மாதத்தில் கீனெமெர் போரில் மறைந்தார். எதிரியின் கருணை அன்றைக்கு இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை.

கருணையெல்லாம் அபூர்வம். ஊடெட்டின் முதல் படைப்பிரிவில் கூடப் பறந்த நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். தாங்க முடியாமல் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். 1918 மார்ச்சில் அவரைத் தேடி ஒருவர் வந்தார். செந்நிற விமானத்தால் உலகமே அறிந்த மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன். அவருடைய படைக்கு அழைப்பு வருவதென்றால், உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டிருப்பவருக்கு இந்திய அணியிலிருந்து போன் வருவது மாதிரி. கூடவே பறக்கச் சொல்லிச் சோதித்தார் ரிக்ட்ஹோஃபன். அந்தப் பயணத்திலேயே ஊடெட் ஒரு பிரிட்டிஷ் விமானத்தை வீழ்த்தினார். சோதனை முடிந்தது.

ஏப்ரலில் ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருதான பூர் லெ மெரித் கிடைத்தது. காது நோய்க்காக விடுப்பில் மியூனிக் போயிருந்த ஊடெட், அங்கே லோ என்று தான் அழைக்கும் காதலியோடு இருந்தார். அப்போதுதான், ஏப்ரல் 21-ல், ரிக்ட்ஹோஃபன் சுட்டு வீழ்த்தப்பட்டார்.

ஊடெட் தன் விமானத்தின் பக்கவாட்டில் காதலியின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார். வாலில், துரத்தி வருபவனைப் பார்த்து உன்னாலெல்லாம் முடியாது என்று கேலி செய்யும் வாசகம். நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்களின் பின்பக்கத்தில் பார்க்கிறோமே, அதே ரகம்தான்.

ஜூன் 29-ல் கேலி பலிக்கவில்லை. பிரெஞ்சு விமானம் ஒன்று அவரைச் சுட்டுவிட்டது. அப்போது ஜெர்மன் விமானிகளுக்கு பாராசூட் புத்தம்புதுசு. அதை நம்பிக் குதிப்பதே துணிச்சல். குதித்தார். பட்டை விமானத்தின் வால் சுக்கானில் மாட்டிக்கொண்டது. விழுந்துகொண்டிருக்கும் விமானத்தின் வாலில் ஒரு மனுஷன் தொங்கிக்கொண்டிருக்கிறார்! போராடிச் சுக்கானின் நுனியை உடைத்து விடுபட்டார். தரைக்கு மிக அருகில்தான் பாராசூட் விரிந்தது. சண்டையில் பாராசூட்டால் உயிர் பிழைத்த முதல் சில விமானிகளில் இவரும் ஒருவர். பயந்துபோய் உட்காரவில்லை, அந்த ஆகஸ்ட் மாதம் மட்டும் 20 விமானங்களை வீழ்த்தினார்.

இதற்கிடையில் அந்தப் படைக்குப் புதிய தளபதி வந்திருந்தார். பெயர், ஹெர்மன் கோரிங். இந்த அறிமுகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் போர் முடிந்தது. ஊடெட்டின் கணக்கு 62. ரிக்ட்ஹோஃபனின் 80-க்கு அடுத்த இடம். வயது வெறும் 22.

கைக்குட்டை, சினிமா, சர்க்கஸ்

தோற்றுப்போன ஜெர்மனி விமானப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றது வெர்சாய் ஒப்பந்தம். 22 வயதில் தன் தொழிலின் உச்சியில் நிற்கும் ஒருவருக்கு, அந்தத் தொழிலே இனி கிடையாது என்று சொன்னால் எப்படியிருக்கும்?

வித்தை காட்டக் கிளம்பிவிட்டார். 1920-ல் லோவோடு திருமணம், மூன்றே வருடத்தில் விவாகரத்து. விருந்து, மது, பெண்கள் என்று வாழ்க்கை வேகமெடுத்தது. 1922-ல் நண்பர்களோடு சேர்ந்து சொந்தப் பெயரில் விமானக் கம்பெனி தொடங்கினார். அங்கே தயாரான ஃபிளமிங்கோ என்ற இரட்டை இறக்கை விமானம் நன்றாகவே பேர் வாங்கியது. ஆனால், கணக்கு வழக்கு, நிர்வாகம் எல்லாம் அவருக்கு ஆகாத விஷயம். சில வருடத்தில் விலகிவிட்டார். அவரே தன்னைப் பற்றி அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு இது சாட்சி. இதை அவர் மறந்துபோனதுதான் பின்னால் வந்த வினை.

விமான சாகசத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் குட்டிக்கரணம் அடிப்பார். தரையை உரசுவதுபோல வந்து, இறக்கை நுனியில் கைக்குட்டையைக் கொத்திக்கொண்டு போவார். பல்லாயிரக்கணக்கானவர்கள் கூடிவந்து பார்த்தார்கள். லெனி ரீஃபென்ஸ்டாலோடு மூன்று பனிமலை சாகசப் படங்களில் விமானியாகவே தோன்றினார். 1933-ல் வெளியான 'எஸ்.ஓ.எஸ். ஐஸ்பெர்க்' படத்துக்காக கிரீன்லாந்துவரை போய்ப் பனிப்பாறைகளுக்கு நடுவே பறந்தார். நன்றாகப் படம் வரைவார். கேலிச் சித்திரங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்.

அவர் குணத்தைக் காட்ட எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 1931-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் நடந்த விமானப் பந்தயத்துக்குப் போனார். 1918 ஜூலையில் தான் சுட்டு வீழ்த்திய அமெரிக்க விமானி ஒருவரை அங்கே சந்தித்தார். வீழ்த்திய விமானத்திலிருந்து அப்போது வெற்றிச் சின்னமாக வெட்டி எடுத்த எண் பொறித்த துணியை 13 வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார் ஊடெட். அதைக் கொண்டுபோய், அந்த அமெரிக்கரிடமே திருப்பிக் கொடுத்தார்.

கதை இங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கு ஊடெட்டை எல்லோரும் சந்தோஷமாகக் கொண்டாடிக்கொண்டிருப்போம்.

இரண்டு அமெரிக்க விமானங்கள்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஊடெட் அந்த வருடமே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அவருக்கு அரசியல் ஆர்வமே கிடையாது, பறக்க விட்டால் போதும் என்றிருந்தார் என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால், யாரும் துப்பாக்கி முனையில் அவரைச் சேர்க்கவில்லை.

அமெரிக்கப் பயணங்களில் கர்டிஸ் ஹாக் என்ற விமானம் அவர் மனசைப் பறித்திருந்தது. கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தலைகீழே பாய்ந்து, குறியை நெருங்கிக் குண்டைப் போட்டுவிட்டு மேலே ஏறும் விமானம். சாகசக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்போது விமானத்துறை அமைச்சராகிவிட்ட கோரிங், அரசுப் பணத்தில் இரண்டு வாங்கிக் கொடுத்தார். பழைய தோழனைத் தன் பக்கம் இழுக்கப் போட்ட தூண்டில் அது. மீன் கவ்வியது.

இரண்டில் ஒன்று 1934-ல் பறக்கும்போதே உடைந்து விழ, ஊடெட் மீண்டும் பாராசூட்டில் தப்பினார். மிஞ்சிய இன்னொன்று இன்றைக்கும் போலந்தின் கிராக்கோவ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது போலந்தில் போய் நிற்பதன் கசப்பு, கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் புரியும்.

புதிய ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில் 1935-ல் கர்னலாகச் சேர்ந்தார் ஊடெட். 1936 ஜூனில் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் ஆனார். எந்த விமானத்தைச் செய்வது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலி. அங்கே வேலை பார்த்த வோல்ஃப்ராம் ஃபான் ரிக்ட்ஹோஃபன் (செந்நிற விமானியின் உறவினர்தான்) செங்குத்துப் பாய்ச்சல் விமானங்களை நம்பவில்லை. யூங்கர்ஸ் 87 என்ற விமானத் திட்டத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். ஊடெட் வந்ததும் அந்த உத்தரவு குப்பைக்குப் போனது.

போட்டிக்கு ஹைன்கெல் கம்பெனி தயாரித்த இன்னொரு விமானமும் இருந்தது. அதைத் தானே ஓட்டிப் பார்ப்பேன் என்று ஏறினார் தலைவர். பாய்ச்சலில் தவறு செய்தார், விமானம் வானத்திலேயே பிய்ந்தது. மறுபடியும் பாராசூட்! துறைத் தலைவரே விழுந்து எழுந்ததோடு போட்டி முடிந்தது. யூங்கர்ஸ் 87 ஜெயித்தது.

உலகம் அதை ஸ்டூகா என்று தெரிந்துகொண்டது. பாயும்போது அலறுகிற சைரன் ஒன்றை அதில் பொருத்தினார்கள். கீழே இருப்பவர்கள் குண்டு விழும் முன்பே பயத்தில் உறைய வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு. அந்த யோசனையும் ஊடெட்டுடையது என்றே சொல்லப்படுகிறது. 1939 செப்டம்பர் 1 அதிகாலையில், போலந்தின் வியேலுன் என்ற சின்ன ஊர் மேல் ஸ்டூகாக்கள் பாய்ந்தன. மருத்துவமனைகூடத் தப்பவில்லை. விமானக் கண்காட்சியில் ஜனங்களை வாய்பிளக்க வைத்த அதே பாய்ச்சல்தான். போலந்தில் ஸ்டூகாப் படையை வழிநடத்தியவர் யார் தெரியுமா? அதை வேண்டாம் என்று சொன்ன அதே வோல்ஃப்ராம் ரிக்ட்ஹோஃபன். பிறகு அவரும் ரசிகராகிவிட்டார்.

ஆகாத வேலை

நன்றாகக் கோடு எழுதுகிற ஒருவரைத் தூக்கி மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்து, ஆறே மாதத்தில் டீமும் போய், அவர் தூக்கமும் போன கதை உங்கள் ஆபீஸிலும் இருக்கும். ஊடெட்டுக்கு நடந்ததும் அதுதான். என்ன, இங்கே தப்பு நடந்தால் ஒரு ப்ராஜெக்ட் போகும். அங்கே போனவை உயிர்கள்.

1939-ல் ஒட்டுமொத்த விமானப்படையின் தயாரிப்பு, ஆயுதம், கொள்முதல் எல்லாவற்றுக்கும் அவரைத் தலைமை அதிகாரியாக்கினார் கோரிங். இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட துறைகள் நேரடியாக அவர் கீழ். அலுமினியம் எவ்வளவு, எந்த ஆலைக்கு எத்தனை ஆட்கள், எந்த என்ஜின் எப்போது தயார் என்று நாள் முழுக்கக் கோப்புகள். ஊடெட் கூட்டங்களில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். சந்தர்ப்பம் கிடைத்தால் மேஜையை விட்டு ஓடிப்போய் விமானத்தில் ஏறிவிடுவார். 1938 ஜூனில் ஹைன்கெல் விமானம் ஒன்றில் மணிக்கு 634 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, 100 கிலோமீட்டர் பிரிவில் உலக சாதனையே படைத்தார். 42 வயதில்!

கோரிங் ஏன் இப்படி ஓர் ஆளை அந்த இடத்தில் வைத்தார்? அவருக்கு அடுத்த இடத்தில் எர்ஹார்ட் மில்ஷ் இருந்தார். விமானக் கம்பெனி நடத்திய அனுபவம் உள்ள, ஈவிரக்கம் பார்க்காத, உண்மையான நிர்வாகி. அவர் வளர்ந்துவிடுவாரோ என்று கோரிங்குக்கு பயம். மில்ஷின் அதிகாரத்தைப் பிரித்து, தனக்கு எந்தக் காலத்திலும் போட்டியாக வர முடியாத ஒருவர் கையில் கொடுத்தார். திறமைக்காக வந்த பதவி உயர்வு அல்ல அது.

ஆனால், நடிப்பு கைவந்த கலை. 1938 ஆகஸ்டில் பிரெஞ்சு விமானப்படைத் தலைவர் வுய்யமென் ஜெர்மனிக்கு வந்தார். தரையிறங்கும்போது புதிய ஹைன்கெல் விமானம் ஒன்று மின்னலாகக் கடந்தது. உடனே மில்ஷ் உற்பத்தி எப்படிப் போகிறது என்று விசாரிக்க, அடுத்தடுத்த வரிசைகளும் தயார் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார் ஊடெட். இருந்ததோ கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சோதனை விமானங்கள். வந்தவர் வெலவெலத்துப் போய், போர் வந்தால் நம் விமானப்படை இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று பாரிஸில் எச்சரித்தார். அடுத்த மாதமே மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவைத் தாரைவார்த்தார்கள்.

எதிரியை ஏமாற்றியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. 1939 ஜூலையில் ரெஹ்லின் சோதனைத் தளத்தில் ஹிட்லருக்கும் இதே மாதிரி ஒரு கண்காட்சி. ராக்கெட் விமானம் உட்பட, உற்பத்திக்கு வரப் பல வருடங்கள் ஆகக்கூடியவற்றையெல்லாம் காட்டினார்கள். ஏதோ நாளைக்கே தயார் என்கிற எண்ணத்தோடு ஹிட்லர் திரும்பிப் போனார். இரண்டே மாதத்தில் போர்.

பாய்ச்சல் மோகம் தலைக்கேறியதுதான் பெரிய சேதம். யூங்கர்ஸ் 88 அருமையான வேகக் குண்டுவீச்சு விமானம். அதுவும் பாய வேண்டும் என்றார்கள். அதற்காக உடலைப் பலப்படுத்தப் பலப்படுத்த எடை கூடியது, வேகம் குறைந்தது, ஆயிரக்கணக்கான மாற்றங்களில் காலம் போனது. அதைவிடக் கொடுமை ஹைன்கெல் 177. நாலு என்ஜின் உள்ள பிரம்மாண்டமான விமானம். லாரியை வைத்து ஸ்கேட்டிங் பண்ணச் சொல்வது மாதிரி, அதையும் பாயச் சொன்னார்கள். காற்றைக் கிழித்துப் பாய வசதியாக, இரண்டிரண்டு என்ஜின்களை ஒட்டி ஒரே ப்ரொப்பெல்லரைச் சுழற்ற வைத்தார்கள். விளைவு, என்ஜின்கள் நடுவானில் தீப்பிடித்தன. விமானிகள் அதைச் சிகரெட் லைட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 210 என்ற இன்னொரு விமானத்தை, அது ஒருமுறைகூடப் பறப்பதற்கு முன்பே 1,000 எண்ணிக்கைக்கு ஆர்டர் செய்துவிட்டார்கள். பறந்து பார்த்தால், அடக்கவே முடியாத முரட்டுக் குதிரை.

பொய் சொன்ன கணக்கு

1940 கோடையில் பிரான்ஸ் விழுந்தது. வெற்றி மயக்கத்தில் ஜூலை 19-ல் ஊடெட்டை கர்னல் ஜெனரலாக உயர்த்தினார்கள். அந்த வாரங்களில்தான் பிரிட்டன் மீதான வான்போர் ஆரம்பித்திருந்தது. மெதுவாகப் பறக்கும் ஸ்டூகாக்கள் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களிடம் வசமாக மாட்டின. ஆகஸ்ட் 18-ல் பலத்த அடி. அதன்பிறகு அவற்றை அந்தப் போரிலிருந்தே ஒதுக்க வேண்டியதாயிற்று. தொலைதூரம் போய்க் குண்டுபோடத் தகுதியான கனரக விமானம் கையில் இல்லை. 1940-ல் பிரிட்டன் சுமார் 15,000 விமானங்களைத் தயாரித்தது. ஜெர்மனி பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஐரோப்பாவையே பிடித்த நாடு, ஒரு தீவிடம் உற்பத்தியில் தோற்றுக்கொண்டிருந்தது.

ஹிட்லர் கோரிங்கைப் பார்த்தார். கோரிங் ஊடெட்டைப் பார்த்தார். ஊடெட்டுக்குப் பார்க்க யாருமில்லை.

எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமில்லை. கோரிங் தொழில்நுட்பத்தைக் காதுகொடுத்தே கேட்காதவர். போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி, நீண்டகால ஆராய்ச்சிகளை நிறுத்தச் சொன்னதும் மேலிடம்தான். கம்பெனி முதலாளிகளும் இவரிடம் நண்பர்களாகப் பழகியே காரியம் சாதித்துக்கொண்டார்கள். ஆனால், முடியாததை முடியாது என்று சொல்வதற்கு அந்த நாற்காலியில் ஒருவர் தேவைப்பட்டார். ஊடெட் யாரிடமும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். தட்டிக்கழித்தார், சமாளித்தார், நல்ல செய்தியாகச் சொன்னார்.

உடம்பு முதலில் கைவிட்டது. காதில் ஓயாத இரைச்சல், தலைவலி, தூக்கமின்மை. குடி அதிகமானது. விழித்திருக்க பெர்விடின் என்ற போதை மாத்திரை. அன்றைக்கு ஜெர்மன் ராணுவத்தில் சகஜமாகப் புழங்கிய மெத்தாம்ஃபெட்டமின். வேலையை விட்டுவிடுகிறேன் என்று கேட்டும் கோரிங் விடவில்லை. வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடுமே! 1941-ல் ஓய்வுக்காக ஒரு மலைவாசஸ்தல சிகிச்சை விடுதிக்கு அனுப்பினார்கள். அந்தக் கோடையில் ரஷ்யா மீது படையெடுப்பு. உற்பத்தியை நான்கு மடங்காக்க மில்ஷுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்தார் கோரிங். ஊடெட் திரும்பி வந்தபோது அவர் ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தார் மில்ஷ், அவர் திட்டங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நாற்காலி மட்டும் ஊடெட்டுடையது.

நவம்பர் 17 காலையில் என்ன நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு வயது 45.

பொய்யை நம்பி வந்த விமானம்

விபத்துக் கதையை லுஃப்ட்வாஃபேயில் பெரும்பாலானவர்கள் நம்பினார்கள். இறுதிச்சடங்கில் பங்கேற்கப் புகழ்பெற்ற விமானிகளையெல்லாம் போர்முனையிலிருந்து அழைத்தார்கள். போர் விமானிகளின் தலைவரான வெர்னர் மோல்டர்ஸ் கிரைமியாவிலிருந்து ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பயணியாகக் கிளம்பினார். நவம்பர் 22-ல், மோசமான வானிலையில், பிரெஸ்லாவ் அருகே அந்த விமானம் விழுந்து அவரும் இறந்தார். 28 வயது. ஊடெட் சாகடித்தவர்களின் பட்டியலில் மோல்டர்ஸைச் சேர்க்க முடியாதுதான். ஆனால், அந்தப் பொய் இல்லையென்றால் அவர் அந்த விமானத்தில் ஏறியிருக்க மாட்டார்.

ஒரு போர் விமானப்படைப் பிரிவுக்கே ஊடெட்டின் பெயரைச் சூட்டினார்கள். அவர் இடத்துக்கு மில்ஷ் வந்தார். உற்பத்தி மளமளவென ஏறியது. மேடையில் கண்கலங்கிய கோரிங், பிறகு கூட்டங்களில் எல்லாத் தோல்விக்கும் ஊடெட்தான் காரணம் என்று திட்டிக்கொண்டிருந்தார். செத்தவர் பதில் சொல்ல வர மாட்டார் அல்லவா?

நாடகாசிரியர் கார்ல் ட்ஸுக்மாயர் ஊடெட்டின் நெடுநாள் நண்பர். அவர் தாயின் குடும்பம் யூத வழி வந்தது. 1936-ல் பெர்லினில் கடைசியாகச் சந்தித்தபோது, இந்த நாட்டை விட்டுப் போய்விடு, திரும்பி வராதே என்று ஊடெட் தனக்கு அறிவுரை சொன்னதாக ட்ஸுக்மாயர் எழுதியிருக்கிறார். நீ ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு, பறப்பதற்கு அடிமையாகிவிட்டேன், இனி விடுபட முடியாது என்ற மாதிரி பதில். அதாவது, யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பது அவருக்கு 1936-லேயே தெரிந்திருந்தது. நண்பனைத் தப்பிக்கச் சொன்னவர், ஸ்டூகாவுக்கு ஒப்புதல் கொடுத்ததும் அதே வருடம்தான். அப்பாவி சாகசக்காரரை நாஜிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பண்ணை வீட்டில் அகதியாக வாழ்ந்துகொண்டிருந்த ட்ஸுக்மாயர், நண்பனின் மரணச் செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'சாத்தானின் ஜெனரல்' என்ற நாடகம். 1946-ல் ஜூரிச்சில் முதன்முதலாக மேடையேறி, போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் சக்கைப்போடு போட்டது. 1955-ல் கர்ட் யூர்கென்ஸ் நடிக்க சினிமாவாகவும் வந்தது. நாடகத்தின் ஜெனரல் கடைசியில் மனம் வருந்துகிறார். நிஜ ஊடெட் கட்டில் பலகையில் எழுதியது கோரிங் மேலான வருத்தத்தை. வியேலுனைப் பற்றி அவர் எழுதவில்லை.

பெர்லினின் இன்வாலிடன் கல்லறைத் தோட்டத்தில், தன் பழைய தளபதி ரிக்ட்ஹோஃபனின் அருகில் அவரைப் புதைத்தார்கள். சில நாளில் மோல்டர்ஸும் அங்கேயே வந்து சேர்ந்தார். போருக்குப் பிறகு பெர்லின் சுவர் அந்தத் தோட்டத்தின் குறுக்கே போனது. கண்காணிப்புக்கு இடைஞ்சல் என்று ஏகப்பட்ட கல்லறைக் கற்களை அகற்றினார்கள். 1975-ல் ரிக்ட்ஹோஃபன் குடும்பத்தினர் அவருடைய எச்சங்களைத் தோண்டியெடுத்து வீஸ்பாடனில் உள்ள குடும்பக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊடெட் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.